ஒரே தாவல், இரண்டு கணக்கு

70 கிலோ எடையுள்ள ஒரு கபடி வீரர் நின்ற இடத்திலேயே எம்பிக் குதித்து 40 சென்டிமீட்டர் உயர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கால்களின் வெடிப்புத் திறன் எத்தனை வாட்? உடற்கல்விப் பாடநூல்களில் பல காலமாக இருந்துவரும் லூயிஸ் சூத்திரத்தில் இந்த இரண்டு எண்களையும் போட்டால் சுமார் 960 வாட் வருகிறது. 1999-ல் சேயர்ஸ் குழுவினர் வெளியிட்ட சமன்பாட்டில் அதே எண்களைப் போட்டால் 3,544 வாட் வருகிறது. குதித்தவர் ஒருவர், குதித்ததும் ஒரே முறை; விடையில் மட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம். இதில் மோசடி ஏதும் இல்லை. முதல் சூத்திரம் உண்மையில் கணக்கிடுவது, உச்சிக்குப் போன உடல் கீழே விழும்போது புவியீர்ப்பு விசை வெளிப்படுத்தும் சராசரித் திறனை. கால் தரையை உதைத்த கணத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இரண்டாவது, உதைப்பின் உச்சக் கணத்தில் எவ்வளவு திறன் வெளிப்பட்டிருக்கும் என்பதை, பலரைக் குதிக்கவைத்துச் சேகரித்த தரவிலிருந்து மதிப்பிடுகிறது. இரண்டிலுமே அளக்கப்பட்டவை உயரமும் எடையும்தான். வாட் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பெங்களூரில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. பல தேசிய அணிகள் இங்கே வந்து உடலை அளந்து கொடுக்கின்றன. ஞானபாரதி வளாகத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஆண்கள், பெண்கள் ஹாக்கி அணிகள் இரண்டுக்கும் அதுதான் பழகிய முகாம். 2000-ல் சின்னசாமி மைதானத்தில் தொடங்கிய தேசிய கிரிக்கெட் அகாடமி, 2024 செப்டம்பரில் விமான நிலையப் பக்கம் புது வளாகம் கண்டு உயர்திறன் மையமாகிவிட்டது. நகரின் வடபுறத்தில் பதுகோன்-டிராவிட் விளையாட்டு மையம். நீளந்தாண்டுதல் வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜும் அவருடைய கணவரும் பயிற்சியாளருமான ராபர்ட் பாபி ஜார்ஜும் நடத்தும் தாண்டுதல் பயிற்சிப் பள்ளியும் இந்த ஊரில்தான். ஃபோர்ஸ் பிளேட் (கால் உதைக்கும் விசையை அளக்கும் பலகை), ஜம்ப் மேட், அதிவேகக் கேமரா என்று கருவிகள் பெருகிவிட்டன. கருவி பெருகும்போது எண் பெருகும். எண் பெருகினால், அதை வைத்து ஆளைச் சேர்ப்பதும் கழிப்பதும் எளிதாகிவிடும். என் வாதம் இதுதான்: கால் திறனை அளக்கும் இந்தச் சோதனைகள், ஒரே வீரரை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதற்கு மிக நல்லவை, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டு வாசலிலேயே நிறுத்துவதற்கு மிக மோசமானவை.

அளவீட்டின் கதை எளிமையாகத்தான் தொடங்கியது. 1921-ல் டட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்க உடற்கல்வியாளர், எம்பிக் குதிக்கும் உயரத்தை ஒரு மனிதனின் உடற்தகுதிக்கான சோதனையாக முன்வைத்தார். சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு சுண்ணாம்புக் குறி, குதித்து இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் விடை. இன்றும் நம் பள்ளி மைதானங்களில் நடப்பது இதுவே. பிறகு இத்தாலிய ஆய்வாளர் கார்மெலோ போஸ்கோ 1980-களின் தொடக்கத்தில் தரைவிரிப்பு மாதிரியான ஒரு கருவியை, அதாவது ஜம்ப் மேட்டை, பிரபலமாக்கினார். கால் தரையை விட்டதும் கடிகாரம் ஓடும், தரையைத் தொட்டதும் நிற்கும். காற்றில் இருந்த நேரத்தைத் தன்னாலேயே பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, எட்டால் வகுத்தால் உயரம் வந்துவிடும். 0.60 விநாடி காற்றில் இருந்தவர் 44 சென்டிமீட்டர் குதித்திருக்கிறார் என்று பொருள்.

இந்தக் கணக்கில் நேரம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் சிறு பிழையும் வீங்கிவிடுகிறது. 0.60 விநாடி 0.62 ஆனால் உயரம் 47 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். விநாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண ஃபோன் கேமராவில் ஒரு ஃபிரேம் தவறினாலே ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கூடிவிடும். விநாடிக்கு 240 படம் எடுத்தால் அந்தப் பிழை அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். விரிப்பை ஏமாற்றவும் ஒரு வழி உண்டு, எல்லா விளையாட்டு விடுதிகளிலும் பையன்கள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்: இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு தரையைத் தொடுவதைத் தள்ளிப்போடுவது. கையை வீசிக் குதிப்பதற்கும் இடுப்பில் வைத்துக் குதிப்பதற்கும் சுமார் பத்து சதவீத வித்தியாசம் உண்டு. குந்திய நிலையிலிருந்து எழும்புவது வேறு, நின்றபடி சட்டென்று தாழ்ந்து எழும்புவது வேறு. இரண்டாவதில் எப்போதும் கொஞ்சம் கூடுதல் உயரம் வரும். எந்தப் படிவத்தில் 'வெர்ட்டிகல் ஜம்ப்' என்ற தலைப்பின் கீழ் இந்த விவரமெல்லாம் எழுதப்படுகிறது? (கணக்கில் கறாரானவர்களுக்கு ஒரு தகவல்: கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே, பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருக்கும் பெங்களூரில் புவியீர்ப்பு முடுக்கம் பாடநூலில் உள்ள 9.81 அல்ல, 9.78. அதனால் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான். கவலைப்படவேண்டிய பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.)

அளவு சரியாகவே வந்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு நீளந்தாண்டும் பெண் 50 சென்டிமீட்டர் குதிக்கிறார்; முன்னே பார்த்த 70 கிலோ கபடி வீரர் 40 சென்டிமீட்டர். உயரத்தில் அந்தப் பெண் முந்துகிறார். சேயர்ஸ் சமன்பாட்டில் வாட் கணக்குப் போட்டால் அவருக்கு 3,245, கபடி வீரருக்கு 3,544. இங்கே கபடி வீரர் முந்துகிறார். கிலோவுக்கு எத்தனை வாட் என்று வகுத்தால் 65-க்கு 51 என்று மறுபடியும் அந்தப் பெண்ணே முன்னால் வருகிறார். எது சரி? எதைச் செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தது. சொந்த உடலைக் காற்றில் ஏற்றவேண்டியவருக்கு எடையால் வகுத்த எண் வேண்டும். எதிரணியினர் பலர் பிடித்திழுக்க, கோட்டை நோக்கிக் கையை நீட்டவேண்டிய ரைடருக்கு வகுக்காத எண்ணும் வேண்டும். இயற்பியலில் இதற்கு ஒளிவுமறைவு இல்லை: எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்வது, தரையை எவ்வளவு விசையோடு எவ்வளவு நேரம் உதைத்தோம் என்பதும் உடலின் எடையும்தான். அந்த விசை-நேரக் கணக்கை நேரடியாகத் தருவது ஃபோர்ஸ் பிளேட் மட்டுமே. குதித்த உயரத்தைக் கொண்டு வாட் சொல்லும் மற்ற எல்லாமே ஊகம். விளையாட்டு அறிவியல் ஆய்விதழ்களிலேயே 2009 முதல் இந்தக் குழப்பத்தைக் கண்டித்து எழுதிவருகிறார்கள். ஆனாலும் மைதானத்தில் அது குறைந்தபாடில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் நேரம். நின்று குதிப்பவர் தாழ்ந்து எழும்ப அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். ஓடிவந்து நீளம் தாண்டுபவருக்குப் பலகையில் கால் பதிந்து விடுபடுவதற்கு இருக்கும் நேரம் ஏறக்குறைய 0.12 விநாடி. மெல்ல ஏறும் விசைக்கு அங்கே இடமே இல்லை. விரைந்து வரும் உடலின் மோதலைத் தாங்கி, தசைநாணின் விறைப்பால் அதை அப்படியே மேல்நோக்கித் திருப்ப வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்து முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் இதே கர்நாடகத்தின் பல்லாரி விஜயநகரில் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தது அந்தப் பலகையின் மீதுதான். ஜம்ப் மேட் மீது அல்ல. ஜான்சியிலிருந்து 14 வயதில் பெங்களூரு வந்து அஞ்சு-பாபி இணையிடம் பயின்ற ஷைலி சிங், 2021-ல் நைரோபியில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 மீட்டர் தாண்டினார். தங்கம் வென்ற ஸ்வீடன் பெண் தாண்டியது 6.60. அந்த ஒரு சென்டிமீட்டர், ஓட்டத்தின் கடைசி இரண்டு அடிகளிலும் கால் பதிந்த கோணத்திலும் எங்கோ இருந்தது. நின்று குதிக்கும் உயரத்தில் தேடினால் கிடைக்காது. இந்தக் குறையைத் தெரிந்தவர்கள்தான் உயரமான பெட்டியிலிருந்து இறங்கி உடனே எம்பும் சோதனையைக் கொண்டுவந்தார்கள். எழும்பிய உயரத்தைத் தரையில் இருந்த நேரத்தால் வகுப்பார்கள். ஒருவர் 40 சென்டிமீட்டரை 0.20 விநாடியில் எட்டினால் 2.0, அதையே 0.32 விநாடியில் எட்டினால் 1.25. உயரம் மட்டும் பார்த்திருந்தால் இருவரும் சமம் என்று எழுதியிருப்போம்.

இனி வாசல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சோதனை எண் வாயிற்காப்பாளனாக மாறினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அது கால் திறன் சோதனை அல்ல, மூச்சுத் தாங்கும் திறனை அளக்கும் யோ-யோ சோதனை. ஆனால் பாடம் ஒன்றுதான். 2018 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் கோப்பையை வென்றபோது 602 ரன் குவித்தவர் அம்பத்தி ராயுடு. அந்த ஆட்டத்துக்காக இங்கிலாந்து ஒருநாள் தொடருக்குத் தேர்வானார். ஜூன் மாதம் பெங்களூரு அகாடமியில் நடந்த யோ-யோவில் தேவையான 16.1-ஐ எட்டவில்லை, அவருக்குப் பதில் சுரேஷ் ரெய்னா விமானம் ஏறினார். அதே மாதம் அதே சோதனையில் தவறிய முகமது ஷமி, பெங்களூரில் நடந்த ஆப்கானிஸ்தான் டெஸ்ட்டில் ஆடவில்லை. சில வாரங்களில் இருவருமே தேறி அணிக்குத் திரும்பினார்கள். ராயுடு செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் ஆடினார். ஒரு மட்டையாளர் களத்தில் என்ன செய்வார் என்பதற்கு இரண்டு மாத ஆட்டம் சாட்சியாக இருந்தும், சில நிமிட ஓட்டம் அதைவிடப் பெரிய சாட்சியானது. உடற்தகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியாளருக்குத் தகவலாக இருக்கவேண்டிய எண் தேர்வாளருக்குத் தீர்ப்பாக மாறிப்போனதைச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்காவது திரும்பிவர வழி உண்டு; குழந்தைகளுக்கு அது இல்லை. விளையாட்டு ஆணையத்தின் திறனறி தேர்வுகளில் நின்ற இடத்திலிருந்து நீளமாகத் தாண்டுவதும் எம்பிக் குதிப்பதும் நெடுநாளாக இடம்பெறுகின்றன. 12, 13 வயதில் இந்தச் சோதனை முதன்மையாக அளப்பது திறமையை அல்ல, பருவத்தை. பெண் குழந்தைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண் குழந்தைகள் 14-ஐ ஒட்டியும் வேகமாக வளர்கிறார்கள். ஆனால் ஒரே வகுப்பில் இருக்கும் இரு பையன்களுக்குள் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் சாதாரணம். முன்கூட்டியே மீசை அரும்பியவன் இன்று அதிக உயரம் குதிப்பான். நான்கு ஆண்டு கழித்து மற்றவனும் வளர்ந்துவிடுவான், ஆனால் அதற்குள் விடுதி இடம் போய்விட்டிருக்கும். வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் வேரூன்றிய நம் விளையாட்டுலகில் இது இன்னும் மோசம்: பொய்ச் சான்றிதழோடு வந்த 16 வயதுப் பையன், 14 வயதுக்காரர்களுக்கான குதிப்புப் பட்டியலில் முதலிடம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிரிக்கெட் வாரியம் இளையோர் போட்டிகளுக்கு எலும்பு வயதைக் கணக்கிடும் எக்ஸ்-ரே சோதனையை வைத்திருப்பது இதற்காகத்தான்.

உடலைப் பார்த்து முடிவுகட்டும் ஆசைக்குக் கர்நாடகத்தில் ஒரு பழைய உதாரணமும் இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டக் காடுகளில் வாழும் சித்திகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1987-ல் விளையாட்டு ஆணையம் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தின் கீழ் சித்திச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. ஆப்பிரிக்க வம்சம் என்றால் தடகளத்தில் ஜொலிப்பார்கள் என்பதே அதன் அடிப்படை எண்ணம். 1990-களின் தொடக்கத்தில் திட்டம் நின்றுபோனது. பலர் ஊருக்கே திரும்பினார்கள். தேர்ந்தெடுத்ததில் காட்டிய உற்சாகத்தில் பாதியைத் தொடர்ந்து வளர்ப்பதில் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நேர்மாறான சாட்சியும் இந்த ஊரிலேயே இருக்கிறது. 2003-ல் பாரிஸில் 6.70 மீட்டர் தாண்டி, உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த அஞ்சு பாபி ஜார்ஜ், தனக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான் என்று 2020-ல் வெளியே சொன்னார். கறாரான உடற்தகுதிப் படிவம் ஒன்று அவரை எந்தக் கட்டத்தில் நிறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஒன்று: வடிகட்டி இல்லாமல் எப்படி? ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வருகிறார்கள், விடுதியில் சில டஜன் இடங்கள்தான். குதிப்பு உயரம் இல்லையென்றால் அந்த இடத்தை நிரப்பப்போவது சிபாரிசும் சாதியும் மாவட்டச் சங்கத் தலைவரின் ஃபோன் அழைப்பும்தானே? எண்ணுக்கு முகம் தெரியாது என்பது ஒரு நியாயம். இந்த மறுப்பை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். நம் நாட்டில் அளவுகோலே இல்லாத தேர்வைவிடக் குறையுள்ள அளவுகோல் மேல். ஆனால் இந்த மறுப்பு ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறது. முறை எழுதப்படாத எண்ணுக்கு முகம் நன்றாகவே தெரியும். கையை வீசவிடலாமா, மூன்று முயற்சியா ஐந்தா, முழங்கால் மடங்கினால் ரத்தா என்பதெல்லாம் சோதிப்பவரின் இஷ்டத்துக்கு விடப்பட்டால், அதனால் கூடிக் குறையும் சில சென்டிமீட்டருக்குள் சிபாரிசு வசதியாக உட்கார்ந்துகொள்ளும். எனவே வடிகட்டி வேண்டுமென்றால், கடைசி சிலரை மட்டும் விலக்கும் தளர்ந்த வடிகட்டியாக இருக்கட்டும். நடுவில் இருப்பவர்களை ஒரே நாள் குதிப்பைக் கொண்டு தரவரிசைப்படுத்த வேண்டாம். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்து, யார் எவ்வளவு ஏறியிருக்கிறார் என்று பார்ப்பது, முதல் நாள் யார் முதலில் வந்தார் என்பதைவிட நிறையச் சொல்லும்.

இன்னொரு மறுப்பு புள்ளியியல் சார்ந்தது: எம்பிக் குதிக்கும் உயரத்துக்கும் குறுந்தூர ஓட்ட வேகத்துக்கும் தெளிவான தொடர்பு பல ஆய்வுகளில் தெரியவில்லையா? தெரிகிறது. பள்ளி மாணவர், கல்லூரி வீரர், தேசிய வீரர் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுப் பார்த்தால் தொடர்பு பலமாகவே வரும். ஏற்கெனவே தேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது தளர்ந்துவிடும். தேர்வு என்பதே தேர்ந்தவர்களுக்குள் நடப்பது. தொடர்பு எங்கே வேண்டுமோ அங்கேதான் அது கைவிடுகிறது.

பிறகு இந்தச் சோதனையால் என்னதான் பயன்? நிறைய இருக்கிறது, அதனால்தான் அது வீணாவது வருத்தம் தருகிறது. பெங்களூருக்கு இருக்கும் உண்மையான வசதி கருவி அல்ல, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கும் வீரர்கள். 2020 ஊரடங்கின்போது இரண்டு ஹாக்கி அணிகளும் ஞானபாரதி வளாகத்திலேயே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன; அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெண்கலம் வென்றார்கள், பெண்கள் நான்காம் இடம் வந்தார்கள். முகாம் நீளமாக இருந்ததுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி நீளும் முகாமில் ஒவ்வொரு வீரரையும் வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே முறையில் குதிக்கவைத்துக் குறித்துவைத்தால், ஆறு வாரத்தில் அவருடைய இயல்பான ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு நாள் குதித்தாலே சில சதவீதம் கூடிக் குறையும். 40 சென்டிமீட்டரில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெறும் அலைச்சல். அதைத் தாண்டி இறங்கினால்தான் செய்தி. அப்போதும் உயரம் மட்டும் போதாது. களைத்த வீரர் பல சமயம் அதே உயரத்தைத் தொட்டுவிடுவார், ஆனால் அதற்காக ஆழமாகக் குனிந்து கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார். உயரம் மாறவில்லை, உடல் மாறிவிட்டது. ஃபோர்ஸ் பிளேட்டின் மதிப்பு இங்கேதான்: எவ்வளவு உயரம் என்பதைச் சுவரும் சொல்லும், எப்படி உயர்ந்தார் என்பதை அது சொல்லும். முழங்கால் தசைநார் அறுந்து அறுவைசிகிச்சை முடித்துத் திரும்பும் ஆட்டக்காரர் இரண்டு காலில் பழைய உயரத்தை எட்டிவிட்டார் என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, அடிபட்ட கால் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

லட்சக்கணக்கில் விலையுள்ள அந்தப் பலகை எல்லா ஊர்களுக்கும் கிடைக்காது என்பது சரி. மன்னார்குடியிலோ ஹாசனிலோ இருக்கும் பள்ளிப் பயிற்சியாளருக்கு அது தேவையும் இல்லை. விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஃபோன் இன்று பலர் கையில் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சார்ஜென்ட்டின் சுண்ணாம்பே போதும். ஒரே பிள்ளையை ஒரே முறையில் திரும்பத் திரும்ப அளக்கும்போது, கருவியின் நிலையான பிழை இரண்டு பக்கமும் சமமாக இருந்து கழிந்துபோகும். மலிவான கருவியும் ஒழுங்கான நோட்டுப்புத்தகமும் சேர்ந்தால், விலையுயர்ந்த கருவியையும் ஒரே ஒரு நாளையும் எளிதாக வென்றுவிடும்.

ஆகவே விளையாட்டு ஆணையத்துக்கும் மாநிலத் துறைகளுக்கும் வைக்கும் கோரிக்கை சிறியது, பெரிய செலவில்லாதது. திறனறி தேர்வுப் படிவத்தில் 'குதித்த உயரம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே எந்தக் கருவி, கை வீசினாரா, எத்தனையாவது முயற்சி, எலும்பு வயது என்ன என்ற நான்கு கட்டங்களைச் சேருங்கள். ஆறு மாதம் கழித்து வரும் இரண்டாவது அளவுக்கும் ஓர் இடம் விடுங்கள். அந்த இடம் காலியாக இருக்கும்வரை எந்தப் பிள்ளையையும் அந்த எண்ணைக் காட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் 38 சென்டிமீட்டர்தான் குதித்தாள் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், எப்படி அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.